குவாண்டமா, ஆசிரியர் நியமனமா? கம்பஸ் டெமோ ஒருத்தியின் கேள்வி

நெல்லியடிப்பிள்ளை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிகவியல் ஸ்பெஷல் முடித்திருக்கிறேன். கொரோனா, பெற்றோல் வரிசை, 2022இன் மின்வெட்டு எல்லாம் சேர்ந்து எங்கள் பட்சின் நாலு வருடப் படிப்பை ஐந்தரை வருடமாக்கிவிட்டன. வயது 26. இப்போது அங்கேயே டெமோவாக (செய்முறை வகுப்பில் உதவும் தற்காலிக வேலை) இருக்கிறேன். முதலாம் வருடத்தாருக்கு வேணியர் அளவுகோல் வாசிக்கப் பழக்குவதுதான் வேலை. அவர்கள் பூச்சிய வழுவை (ஒன்றும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை) கழிக்க மறப்பதும் நான் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவதுமாக நாள் போகிறது. ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது.

எனக்குக் குவாண்டம் (அணு, இலத்திரன் அளவில் நடக்கும் பௌதிகவியல்) பக்கம் ஆராய்ச்சி செய்ய விருப்பம். ஏ.எல். (உயர்தர) இரசாயனவியலில் 'சக்திச்சொட்டெண்' என்று பாடமாக்கியபோதே பிடித்துக்கொண்டது. கம்பஸ் வந்து ஆங்கிலத்தில் 'குவாண்டம் நம்பர்' என்று கேட்டபோது இரண்டும் ஒன்றுதான் என்று விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது, அது வேறு கதை. இறுதி வருட ஆய்வு டைட்டேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் செய்தேன். எங்கள் துறையில் சூரியக்கல வேலை நன்றாக நடக்கிறது. ஆனால் மிகக் குளிரில் அளக்கும் கருவிகளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது குழப்பம் என்னவென்றால், குவாண்டம் கணினிப் பக்கம் போவதா, குவாண்டம் பொருள்கள் (இலத்திரன்களின் குவாண்டம் குணம் வெளியே தெரியும் பொருள்கள்) பக்கம் போவதா என்றே தெரியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், ஆட்களோ வேறு வேறாக இருக்கிறார்கள். பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "உதெல்லாம் காசுள்ள நாட்டுக்காரரின் விளையாட்டு பிள்ளை" என்று முடித்துவிட்டார். இதற்கிடையில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகக் கடிதம் வந்திருக்கிறது. அப்பாவுக்கு நெல்லியடியில் சைக்கிள் திருத்தும் கடை. தம்பி ஏ.எல். படிக்கிறான். "கைக்கு வந்ததைத் தட்டிவிடாதே" என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சொல்கிறார்.

இந்தப் பாதையில் போனவர்கள் யாராவது இருந்தால், முதல் சில வருடம் உண்மையில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். தயவுசெய்து "கனவைத் துரத்து" என்று மட்டும் எழுத வேண்டாம்.

கொக்குவில் கோடர் எழுதியது:

குளிர்ப்பெட்டி எதற்கு? ஐபிஎம் 2016இலேயே 5 கியூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) மெசினை இணையத்தில் போட்டுவிட்டது. இப்போது இலவசக் கணக்கில் மாதம் 10 நிமிடம் வரை உண்மையான மெசினிலேயே ஓட்டலாம். கிஸ்கிட் (ஐபிஎம்மின் குவாண்டம் மென்பொருள்) இறக்குங்கள், பைதன் தெரிந்தால் போதும். எட்டு ஜிபி லப்ரொப்பில் 28 கியூபிட் வரை மெசின் இல்லாமலே போலச்செய்து (சிமுலேஷன்) பார்க்கலாம். 30க்கு 16 ஜிபி வேண்டும். ஒவ்வொரு கியூபிட்டுக்கும் நினைவகம் இரட்டிக்கும், அதனால் 50 என்று வந்தால் ஒன்றரைக் கோடி ஜிபியைத் தாண்டும். இந்தக் கணக்கு விளங்கினாலே குவாண்டம் கணினி ஏன் வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

நான் குரோவர் (தேடல்), ஷோர் (எண்ணைக் காரணிகளாக உடைத்தல்) அல்கோரிதம் எல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 15ஐ 3 ஆகவும் 5 ஆகவும் உடைத்தேன் :) கிட்ஹப்பில் நாலு திட்டம் போட்டால் கம்பனிகளே தேடி வரும்.

மில்லிகெல்வின் எழுதியது:

தங்கச்சி, நானும் அதே துறையிலிருந்து போனவள்தான். 2012இல் முடித்தேன், ஊர் இணுவில். இப்போது ஐரோப்பாவில் இரண்டாவது போஸ்ட்டொக் (பிஎச்டிக்குப் பிந்திய ஆராய்ச்சி வேலை). நான் வேலை செய்யும் குளிரூட்டி ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் 10 மில்லிகெல்வினுக்கு, அதாவது தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒன்றுக்கு, இறங்கும். வெட்டவெளி அண்டமே 2.7 கெல்வினில் இருக்கிறது, இது அதைவிட 270 மடங்கு குளிர். கேட்கப் பெரிதாக இருக்கும். போன கிழமை முழுக்க நான் செய்தது, அந்தக் குளிரூட்டியில் எங்கோ ஒரு கசிவு, அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மூட்டாக ஹீலியம் ஊதிக்கொண்டிருந்ததுதான். உங்கள் அப்பா ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பாரே, அதே வேலை. அவர் என்னைவிடக் கெதியாகக் கண்டுபிடித்திருப்பார்.

முதலில் என் இறுதி வருடக் கதை. 1987இல் கண்டுபிடித்த இற்றியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு இருக்கிறதல்லவா, 92 கெல்வினில் மீகடத்தி (மின்தடையே இல்லாமல் கடத்தி, காந்தத்தையும் தள்ளும் பொருள்) ஆகிவிடும். திரவ நைதரசன் 77 கெல்வின், ஆகவே ஹீலியம் இல்லாமலே பார்க்கலாம். மூன்று தூளை அரைத்து, வில்லையாக அமுக்கி, 950 பாகை செல்சியஸில் சுட்டு, பிறகு ஒட்சிசன் கொடுத்து ஆறுதலாக ஆறவிட வேண்டும். அந்த ஆறவிடும் கட்டத்தில் இரண்டு தரம் கரண்ட் போனது. கெதியாக ஆறினால் ஒட்சிசன் போதாமல் அது வெறும் கறுத்த ஓட்டுத்துண்டு.

மூன்றாம் தரம் சரிவந்தது. ஆனால் திரவ நைதரசனுக்கு எங்கே போவது? மாடுகளுக்குச் சினைப்படுத்தும் விந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருப்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் சொன்னார். தேத்தண்ணிப் பிளாஸ்கை, மூடியை இறுக்காமல் (இறுக்கினால் வெடிக்கும்), மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் இருந்து வந்தேன். கம்பஸ் இருக்கும் தின்னவேலியின் சந்தையடியில் ஒரு அம்மா "பிள்ளை, பிளாஸ்க் புகையுது" என்று கத்தியது இப்போதும் காதில் நிற்கிறது.

அளந்தோம். மின்தடை சரசரவென்று இறங்கிப் பூச்சியம். லாப் முழுக்கக் கைதட்டல், ஆளாளுக்குப் போன் எடுத்துப் படம். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் பார்த்தால் மின்னோட்டம் கொடுக்கும் வயர் குளிரில் சுருங்கி வெள்ளிப்பூச்சிலிருந்து கழன்றிருக்கிறது. மின்னோட்டமே இல்லாவிட்டால் மின்னழுத்தமும் பூச்சியம்தானே! நாங்கள் கைதட்டியது கழன்ற வயருக்கு. திரும்ப ஒட்டி, அம்பியர்மானியையும் சேர்த்துக் கவனித்து, சூடேறும்போதும் குளிரும்போதும் அளந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தை வில்லைக்கு மேல் மிதக்கவிட்ட பிறகுதான் நம்பினோம். மிதந்த உயரம் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். இதுவரை நான் பார்த்த எந்த அளவீட்டையும்விட அது வடிவு.

நீங்கள் கேட்ட 'உண்மையில் எப்படி இருக்கும்' என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். முதல் ஐந்தாறு வருடமும், வந்த பெறுபேறு உண்மையா, கழன்ற வயரா என்று பார்ப்பதிலேயே போகும். கணினிப் பக்கம் போனாலும் பொருள் பக்கம் போனாலும் அப்படித்தான். 2025 ஒக்டோபரில் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் பௌதிகவியல் நோபல் அறிவித்தார்கள். 1984, 85இல் பெர்க்லியில் செய்த வேலைக்கு. அப்போது மார்ட்டினிஸ் பிஎச்டி மாணவன், டெவோரே போஸ்ட்டொக். கையில் பிடிக்கக்கூடிய ஒரு மின்சுற்று முழுவதுமே குவாண்டம் விதிப்படி, தாண்டச் சக்தி போதாத ஒரு தடுப்பை ஊடுருவிப் போகிறது என்று காட்டினார்கள். அதைக் காட்ட அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு, வெளியிலிருந்து வயர் வழியாக இறங்கும் நுண்ணலை இரைச்சலைத் தடுப்பதில் போனது. குழாய்க்குள் செப்புத்தூளை அடைத்து வடிகட்டி செய்தார்கள். அதே வகை வடிகட்டி இன்றைக்கும் எங்கள் குளிரூட்டியில் தொங்குகிறது. இன்றைய ஐபிஎம், கூகிள் மெசின்களின் கியூபிட்டும் அந்தச் சுற்றின் பேரப்பிள்ளைதான்.

மறுபக்கத்துக்கு எல்கே-99ஐப் பாருங்கள். 2023 ஜூலையில் அறை வெப்பநிலை மீகடத்தி என்று உலகமே துள்ளியது. சில கிழமைக்குள் அடங்கிவிட்டது. மின்தடையில் தெரிந்த அந்தப் பெரிய பாய்ச்சல், மாதிரியில் கலந்திருந்த செப்புச் சல்பைட்டின் நிலைமாற்றம். எங்கள் வயர் மாதிரித்தான், கொஞ்சம் விலை கூடிய வயர்.

சரி, கணினியா பொருளா. கேள்வியை அப்படிப் பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கியூபிட்டும் ஒரு பொருளில்தான் செய்யப்படுகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஒட்சைட்டுப் படலத்தில் இருக்கும் குறைகள்தான் கியூபிட்டின் ஆயுளைத் தின்கின்றன. அதைத் திருத்தப் போகிறவர் அல்கோரிதம் எழுதுபவர் அல்லர், படலம் பார்த்தவர். நீங்கள் படலம் பார்த்தவர்! டைட்டேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் வெற்றிடம், ஒட்சிசன் குறைபாடு, மேற்பரப்பு என்று எழுதியிருப்பீர்கள்தானே? என் பிஎச்டி பிஸ்மத் செலனைட்டில். உள்ளே காவலி (மின்சாரம் கடத்தாது), மேற்பரப்பில் மட்டும் கடத்தும் என்பது கோட்பாடு. ஆனால் செலனியம் சில இடங்களில் கழன்று போவதால் உள்ளேயும் கடத்தும், நாங்கள் தேடிய மேற்பரப்புச் சைகை அதற்குள் அமிழ்ந்துவிடும். அந்தச் செலனியம் என் வாழ்க்கையில் இரண்டு வருடத்தை எடுத்தது.

ஊரோடு சேர்த்தும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுப் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கும் பென்சிற்கரி (கிராஃபைட்) உலகத்திலேயே தூய்மையான நாளப் பென்சிற்கரி (பாறைப் பிளவில் படிவது) வகை. 2004இல் மான்செஸ்டரில் பென்சிற்கரியைச் செலோரேப்பால் உரித்து உரித்து ஒற்றை அணுத் தாளாக்கினார்கள், 2010இல் நோபல். 2018இல் அப்படி இரண்டு தாளை 1.1 பாகை திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது 1.7 கெல்வினில் மீகடத்தியானது. இரண்டு நுளம்புவலையைச் சேர்த்துப் பிடித்துச் சற்றுத் திருப்பினால் பெரிய பெரிய கோலம் ஒன்று தெரியுமே, இலத்திரன்கள் அந்தக் கோலத்துக்குள்தான் மாட்டுப்படுகின்றன. உரித்து எடுப்பதை நீங்கள் தின்னவேலியிலேயே பழகலாம், ஒற்றைத் தாள் எது என்று பார்க்க நல்ல நுணுக்குக்காட்டியும் அளவான தடிப்பில் ஒட்சைட்டு உள்ள சிலிக்கன் துண்டும் இருந்தால் போதும்.

கோடர் தம்பிக்கு: 15ஐ உடைத்தது நல்லது, விடை தெரிந்த கணக்கு அது. விடை தெரியாத ஒன்றை மெசின் சொல்லும்போது அது இரைச்சலா விடையா என்று எப்படிச் சொல்வீர்கள்? அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. கம்பனி தேடி வருவது பற்றி நான் ஒன்றும் கதைக்கவில்லை.

தங்கச்சி, வீட்டுவேலை ஒன்று தருகிறேன். நாங்கள் கறங்கல் என்று படித்த ஸ்பின் (இலத்திரனைச் சிறு காந்தமாக்கும் குணம்), அதில் 10ஐ வளையமாக அடுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும் ஹைசன்பேர்க் மாதிரியுரு (மொடல்). 1024க்கு 1024 தாயம் (மேட்ரிக்ஸ்) வரும், உங்கள் லப்ரொப்புக்கு அது தூசு. மிகக் குறைந்த சக்தியை எடுத்து 10ஆல் பிரியுங்கள். முடிவிலா நீளத்துக்கு என்ன வரும் என்று 1931இல் பெத்தே காட்டிய வழியில் போனால் தெரியும்: கால் கழித்தல் இயற்கை மடக்கை இரண்டு, −0.4431. உங்கள் எண் அதற்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். 4 ஸ்பின்னைக் கையால் செய்தால் மொத்தம் சரியாக −2 வரும், முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு 20க்குப் போங்கள். பத்து இலட்சத்துச் சொச்சம் நிலைகள், ஆனால் மேலும் கீழும் சம எண்ணிக்கை உள்ளவற்றை மட்டும் எடுத்தால் 1,84,756தான். கணினிக்காரரும் பொருள்காரரும் இரண்டு பக்கமும் நின்று பார்க்கும் கணக்கு இது. விண்ணப்பக் கடிதத்தில் "எனக்கு ஆர்வம் அதிகம்" என்று எழுதுவதற்குப் பதில் இதை எழுதலாம்.

காசு. அமெரிக்கப் பிஎச்டிக்கு உதவித்தொகையோடுதான் எடுப்பார்கள், படிப்புக் கட்டணமும் அதில் போகும், ஆனால் விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் ஒவ்வொன்றும் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். துறைக்கு மின்னஞ்சல் போட்டுத் தள்ளுபடி கேட்க வெட்கப்படாதீர்கள், நான் கேட்டேன், இரண்டு இடத்தில் தந்தார்கள். அதற்கு முன் இத்தாலி திரியெஸ்ரேயில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐசிடிபி என்ற கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தைப் பாருங்கள். எங்களைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வருட டிப்ளோமா, முழுச் செலவும் அவர்களுடையது, ஒடுக்கப் பொருள் பௌதிகவியலும் (திண்மங்கள் போன்ற பொருள்களின் பௌதிகவியல்) உண்டு.

மேற்பார்வையாளரைத் தேர்வதில் கவனம். என் முதலாவது மேற்பார்வையாளர் நான் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் கம்பனி ஒன்றுக்குப் போய்விட்டார். லாப்பைப் பூட்டினார்கள், நான் நடைபாதையில். போகிற இடத்தில் பழைய மாணவர் இருவரிடமாவது கதையுங்கள். "அவர் கட்டுரைகள் எப்படி" என்று கேட்காமல், "மெசின் பழுதானால் என்ன செய்வார்" என்று கேளுங்கள்.

ஜாம்போத்தல் எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன். பெயரைப் பார்த்துச் சிரிக்காதேயும், தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத ஊரில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பித்தவன்.

"காசுள்ளவரின் விளையாட்டு" என்று உமக்குச் சொன்னவருக்கு கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசரைத் தெரியாதாக்கும். இலங்கைத் தமிழர், 1918இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் குவாண்டம் கோட்பாட்டு முன்னோடி டிராக்கிடம் படித்தவர். இலத்திரன் தான் வீசும் கதிர்வீச்சால் தன்னையே எப்படிப் பாதிக்கிறது என்பதில் அவர் செய்த கணக்கை இப்போதும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர்.

ஆனாலும் நான் உம்முடைய அம்மாவின் பக்கம்தான். நேர்முகத்துக்குப் போம். வடமராட்சியில் உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடங்கள் எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் படிப்பித்துவிட்டு இரவில் கணக்குப் போடலாம். விளக்கில் போட்டோமே!

மில்லிகெல்வின் எழுதியது:

சேர், நேர்முகத்துக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "இரவில் போடலாம்" என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். என்னோடு முடித்த கெட்டிக்காரிகள் இருவர் அப்படித்தான் சொல்லிப் போனார்கள். ஐந்து பாடவேளை, கொப்பி திருத்தல், விளையாட்டுப் போட்டி, பிறகு வீட்டில் பிள்ளைகள். இரவு என்று ஒன்று மிஞ்சவில்லை. அவர்கள் நல்ல ஆசிரியைகள், சந்தோசமாகவும் இருக்கிறார்கள், அது வேறு. ஆராய்ச்சிக்கு ஆசை இருந்தால் நியமனம் எடுத்த முதல் வருடமே விண்ணப்பங்களும் போய்விட வேண்டும்.

ஜாம்போத்தல் எழுதியது:

அது நியாயம்தான். கொப்பி திருத்துவதை மறந்துவிட்டேன், ஓய்வுபெற்றால் அப்படித்தான்.

நெல்லியடிப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, செப்புத்தூள் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குழாய்க்குள்ளே தூளை அடைக்கிறதுக்கும் நோபல் குடுக்கிறாங்களோ" என்று கேட்டுவிட்டு, கடையில் நின்ற எல்லோருக்கும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேர்முகத்துக்குப் போகிறேன். டிப்ளோமாவுக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன், இரண்டையும் அம்மாவிடம் சொல்லியாயிற்று. அவர் இரண்டாவதைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கிறார்.

வீட்டுவேலை செய்தேன், கையால் அல்ல, நேரடியாகப் பைதனில் 10 ஸ்பின். −0.4258 வருகிறது. நீங்கள் சொன்ன −0.4431க்குக் கீழே நிற்கவேண்டியது மேலே நிற்கிறது. குறி, கால், அரை எல்லாம் மூன்று தரம் பார்த்துவிட்டேன். எங்கே பிழை?

மில்லிகெல்வின் எழுதியது:

கையால் செய்யச் சொன்னதைச் செய்யாமல் விட்டதுதான் :) உங்கள் எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உங்களிடம் வளையம் இல்லை, அறுந்த சங்கிலி. பத்தாவது ஸ்பின்னை முதலாவதோடு கொழுவவில்லை. 4ஐ ஓட்டியிருந்தால் −2க்குப் பதில் −1.616 வந்து அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும். அறுந்த சங்கிலிக்கு உங்கள் எண் சரி, வேறு கேள்விக்கான சரியான விடை.

நெல்லியடிப்பிள்ளை எழுதியது:

ஐயோ, உண்மைதான். பைதனில் எழுதிய சுற்று (லூப்) 9 தரம்தான் ஓடியிருக்கிறது. முதலாம் வருடத்தாருக்குப் பூச்சிய வழுவுக்குச் சிவப்பு வட்டம் போடுகிறவள் நான்.

கொழுவிவிட்டேன். 4க்குக் கையாலும் மெசினாலும் −2. 10க்கு −0.4515. 12க்கு −0.4489. ஐதான தாயமாக (பூச்சியங்களைச் சேமிக்காத வடிவம்) மாற்றி 16 ஓட்டினேன், −0.4464. 20ஐ ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வரும்போது நெல்லியடியில் கரண்ட் இல்லை. லப்ரொப்பில் 11 வீதம் நின்றது, மூடிவிட்டேன். 16 வரைக்கும் உள்ளதை டெமோ கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.